மருத்துவச்சி முதல் கிராம சுகாதார செவிலியர் வரை: புதுக்கோட்டைச் சீமையில் செவிலியர் பணிச்சுமையின் வரலாறு

புதுக்கோட்டை தனி மாவட்டமாக உருப்பெற்றது 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள். அதே ஆண்டில் நியூயார்க் நகரத்து உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தவர்கள் நாளடைவில் உற்சாகம் குன்றி, எரிச்சலும் களைப்பும் மேலிட்டு, ஒரு காலத்தில் தாம் விரும்பிச் செய்த வேலையையே வெறுக்கும் நிலைக்கு வந்து சேர்வதைக் கண்டு, அந்நிலைக்கு 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதனைத் தனது நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டபோது, அது ஒரு நோயன்று என்றும், பணியிடத்தில் நெடுங்காலம் நீடித்தும் சீர்செய்யப்படாத நெருக்கடியின் விளைவே என்றும் தெளிவுபடுத்தியது. சக்தி வற்றிய களைப்பு, வேலையினின்று மனம் விலகுதல், தன் திறமையிலேயே நம்பிக்கை குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். செவிலியருக்கு வரும் பணிச்சோர்வு அவரவர் மனத்தின் பலவீனத்தால் வருவதன்று என்பதும், ஒவ்வொரு காலத்திலும் ஆட்சியாளர் புதிய கடமைகளைச் சேர்த்தார்களேயன்றி அவற்றுக்கேற்பக் கைகளைச் சேர்க்கவில்லை என்பதே அதன் மூலகாரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்திலும் அதற்கு முன்னரும் பிரசவம் என்பது வீட்டுக்குள் மருத்துவச்சியின் கையில் நடந்த காரியம். பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்களே இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்து வந்தனர். தாயையும் சேயையும் காப்பாற்றிய அந்தக் கைகளுக்கு நெல்லும் சேலையும் சன்மானமாகக் கிடைத்தனவேயன்றிச் சமூகத்தில் உரிய கௌரவம் கிடைக்கவில்லை. இரத்தத்தையும் மலமூத்திரத்தையும் தொட்டுச் செய்யும் ஊழியம் தாழ்ந்தது என்ற எண்ணம் ஜாதி முறையோடு பின்னிப் பிணைந்திருந்தமையால், பின்னாளில் ஆங்கில வைத்தியசாலைகள் வந்து செவிலியர் என்ற புதிய உத்தியோகம் தோன்றியபோதும், அந்த இழிவுணர்ச்சி மெல்ல இடம் பெயர்ந்து இந்த உத்தியோகத்தின் மீதும் படிந்தது. சென்னை மாகாணத்தில் ஆரம்ப காலச் செவிலியருள் ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவப் பெண்களுமே மிகுந்திருந்ததற்கும், உயர்ஜாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இத்துறைக்கு அனுப்பத் தயங்கியதற்கும் இதுவே முக்கிய காரணமாகும்.

புதுக்கோட்டையின் மருத்துவ வரலாற்றைப் பேசுவோர் எவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை விட்டுப் பேச முடியாது. 1886 ஜூலை 30-ஆம் நாள் இவ்வூரில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாக இடம்பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவ்வம்மையாரின் வாழ்க்கை நமக்கு நியாயமான பெருமையைத் தருவது. ஆயினும் வைத்தியரான பெண்ணின் பெயரை ஊர் போற்றிக் காத்ததே ஒழிய, அதே காலத்தில் வார்டுகளில் இரவு பகலாக நின்ற செவிலியர் ஒருவரின் பெயரையேனும் நினைவில் வைக்கவில்லை. ராணியார் மருத்துவமனை என்று புதுக்கோட்டை நகரம் வழங்கும் பெயரில் அரசகுலத்து அம்மையார் வாழ்கிறார். அங்கே பிறந்த ஆயிரமாயிரம் குழந்தைகளை முதலில் கையில் ஏந்தியவர்கள் யாரென்று கேட்டால் சொல்வார் இல்லை. வரலாறு எழுதுவோர் இனியேனும் இக்குறையை நிவர்த்தி செய்தல் வேண்டும்.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-லேயே தொடங்கிவிட்டது. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சென்னைச் சட்டம் 1926-இல் நிறைவேறியது. ஆயினும் பதிவேட்டில் பெயர் ஏறியது என்பதனால் வேலை நேரமும் விடுதியும் விடுப்பும் சீர்பட்டுவிடவில்லை. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில், அதாவது 1946-இல், சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு தனது அறிக்கையை வெளியிட்டபோது, பிரிக்கப்படாத இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர் என்ற உண்மை தெரியவந்தது. அக்கணக்கின்படி 43,000 பேருக்கு ஒரு செவிலியர். 1971-ஆம் ஆண்டுக்குள் 500 பேருக்கு ஒருவர் என்ற நிலையை எய்த வேண்டும் என அக்குழு சிபாரிசு செய்தது. அதன் உறுப்பினருள் ஒருவரான ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரே, பின்னர் 1959-இல் அமைக்கப்பட்ட வேறொரு குழுவுக்குத் தலைமை தாங்கிச் சுகாதாரத் துறையின் நிலையை ஆராய்ந்தபோது, போர் குழுவின் இலக்கு எட்டாத தொலைவிலேயே இருந்தது. 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாகிவிட்ட புதுக்கோட்டையும் இந்தப் பற்றாக்குறையில் தன் பங்கைப் பெற்றது.

அடுத்த பெரிய மாற்றம் சுகாதார ஊழியர் அமைப்பை ஆராய்ந்த கர்த்தார் சிங் குழுவின் 1973-ஆம் ஆண்டு அறிக்கையால் நேர்ந்தது. மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்ப நலத்துக்கு ஒருவர் என்றிருந்த ஏற்பாட்டை நீக்கி, எல்லாப் பணிகளையும் ஏற்கும் பல்நோக்கு ஊழியர்களை ஏற்படுத்த வேண்டும் என்பது அக்குழுவின் முடிவு. நோக்கம் சிறந்ததே. ஆனால் பல்நோக்கு என்பது நடைமுறையில் ஒருவர் தலையில் பல சுமை என்றாகிவிட்டது. துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 மக்கள் என்பது ஏற்கப்பட்ட அளவு. பதின்மூன்று ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டு, விராலிமலைப் பாறை நிலத்திலிருந்து மணமேல்குடிக் கடற்கரை வரை பரந்து கிடக்கும் இம்மாவட்டத்தில், அந்த 5,000 பேர் ஒரே ஊரில் கூடி வாழ்வதில்லை. சிற்றூர்களிலும் அவற்றின் குடியிருப்புகளிலுமாகச் சிதறிக் கிடக்கின்றனர்.

இத்துணை நிலையத்தின் பொறுப்பை ஏற்பவரும், ஊரார் 'நர்சம்மா' என்றழைப்பவருமான கிராம சுகாதார செவிலியரின் ஒரு வாரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலையில் நான்கு ஐஸ் பேக் வைத்த வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வராத ஊருக்கு ஸ்கூட்டரிலோ நடந்தோ சென்று, தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பியைத் திறந்த நேரத்தை அதன் மேலேயே எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் முடியாததை அப்புறப்படுத்தி, வராத குழந்தையின் வீட்டுக்குத் தானே போய்க் கதவைத் தட்டி, ஊசி போட்ட குழந்தைக்கு இரவில் ஜுரம் கண்டால் தாயின் தொலைபேசி அழைப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனைக்கும் மேலாக ஒவ்வொரு கர்ப்பிணியையும் பிக்மி என்னும் கணினிப் பதிவில் ஏற்றி எண் பெற்றுத் தருவதும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்களைச் சேகரிப்பதும் அவர் பொறுப்பு. நோட்டுப் பதிவேடும் கணினிப் பதிவும் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. தன் பகுதியில் ஒரு தாய் இறந்துபோனால், மரணத் தணிக்கைக் கூட்டத்தில் அதிகாரிகள் முன் நின்று பதில் சொல்வோருள் அவரும் ஒருவர். பிரசவ மரணத்தைக் குறைத்ததில் தமிழகம் அடைந்த கீர்த்தியின் அஸ்திவாரம் இந்தப் பெண்களின் ஓயாத நடையே என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

இனி மருத்துவமனைக்குள் வருவோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று செவிலியரை நியமித்தது தமிழக அரசின் சிறந்த ஏற்பாடுகளுள் ஒன்று. ஆயினும் மூவரில் ஒருவர் விடுப்பில் சென்றால் மற்ற இருவரும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஆகவே தன் குழந்தைக்கு ஜுரம் வந்தாலும் விடுப்புக் கேட்க நா எழாது. கேட்டால் பாதிக்கப்படுவது மேலதிகாரியல்லர், கூடப் பணிபுரியும் சகோதரியே. சோர்வு ஒருவரோடு நில்லாமல் மற்றவரையும் பற்றிக்கொள்வது இவ்வாறுதான்.

இக்குறைகளுக்குப் பரிகாரம் எவருக்கும் தெரியாமலிருக்கவில்லை. முன்னாள் முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் புதல்வியாரும் சமூக ஊழியருமான சரோஜினி வரதப்பன் தலைமையில் மத்திய அரசு 1987-இல் செவிலியர் தொழில் பற்றிய உயர்மட்டக் குழுவை அமைத்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, இடையில் முறியாத தொடர் ஷிப்ட், மிகுதியாக உழைத்த நேரத்துக்கு ஈட்டு விடுப்போ கூடுதல் ஊதியமோ வழங்குதல் என்று அக்குழு திட்டவட்டமாகச் சிபாரிசு செய்தது. ஒரு தமிழ்ப் பெண்மணி தலைமை வகித்த குழுவின் முடிவுகளைத் தமிழகத்து மருத்துவமனைகளே முதலில் கைக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

நடந்ததோ வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் போட்டித் தேர்வு நடத்திப் பல்லாயிரம் செவிலியரைத் தேர்ந்தெடுத்தபோது, நிரந்தரச் செவிலியருக்குரிய காலமுறை ஊதியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே வழங்கப்பட்டது. பணி நிரந்தரம் வேண்டி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் அவர்கள் திரண்டமர்ந்தனர். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே 2017-இல்தான். பெருங்கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்ட காலத்திலேயே, அக்கட்டடங்களில் நோயாளியின் அருகில் நிற்க வேண்டியவர்கள் வாழ்க்கைச் செலவுக்குப் போதாத ஊதியத்துக்காக வீதிக்கு வர நேர்ந்தது. தனியார் மருத்துவமனைகளைப் பற்றியோவெனில், உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவையொட்டி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த சிறு மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்று கூறியது. தமிழகத்தில் அது பெரும்பாலும் சிபாரிசாகவே தங்கிவிட்டது. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டு, பாதுகாப்புக் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து, குடும்பத்தினின்று பிரிந்து உழைத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியர் 2022 டிசம்பர் இறுதியில் பணியிழந்ததையும் இவ்வரலாற்றில் பதிவு செய்தல் வேண்டும்.

பணிச்சோர்வுக்கு யோகாசனப் பயிற்சியும் ஊக்கவுரையும் மருந்தாகச் சொல்லப்படுகின்றன. அவை தீமையல்ல. ஆனால் நாற்பது நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் இரவு முழுவதும் தனியாக நிற்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சியால் இரண்டாவது ஜோடிக் கைகள் முளைத்துவிடா. 'சேவை மனப்பான்மை' என்று புகழ்ந்து விழா மேடையில் பொன்னாடை போர்த்துவதும், மறுநாளே அவரிடம் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வாங்குவதும் ஒன்றோடொன்று பொருந்தாதவை.

ஆதலின் மாவட்ட சுகாதார நிர்வாகத்துக்கும் தமிழக அரசுக்கும் விண்ணப்பிக்கத்தக்கவை இவை: புதுக்கோட்டை மாவட்டத்து ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்ற கணக்கை மாதந்தோறும் மக்கள் காண வெளியிடுங்கள். காலியான இடங்களைத் தொகுப்பூதியத்தால் அடைக்காது நிரந்தர நியமனத்தால் நிரப்புங்கள். கிராம சுகாதார செவிலியர் மேல் ஏறியிருக்கும் இரட்டைப் பதிவு வேலையை இறக்குங்கள். சரோஜினி வரதப்பன் குழு வரையறுத்த 40 மணி நேர வாரத்தை இம்மாவட்டத்திலிருந்தே தொடங்கி நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.