மழையை நாணயமாக்கிய நாடு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிக்கு வனவிலங்கு காணச் செல்வோர்க்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத் தருகின்றன: மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் செல்லுங்கள்; மழை மாதங்களைத் தவிருங்கள். காரணம் எளியது. நீர் வற்றிய காலத்தில் விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றித் திரள்கின்றன, புல் தாழ்ந்திருக்கிறது, பாதை காய்ந்திருக்கிறது. நவம்பரில் மழை இறங்கிய பின்னரோ விலங்குகள் எங்கும் பரவிவிடுகின்றன. புல் உயர்ந்து மறைக்கிறது. வண்டிச் சக்கரம் சேற்றில் புதைகிறது. இவ்வறிவுரை பிழை என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் அது காண வருபவரின் நாட்காட்டி. மண்ணின் நாட்காட்டி வேறு. போட்ஸ்வானா நாட்டின் வரலாற்றை மழையின் பக்கம் நின்று படிக்கும்போது இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு நமக்குப் புலப்படுகிறது.

அந்நாட்டின் பெரும்பகுதி கலஹாரி மணற்பரப்பு. 1966 செப்டம்பர் 30 அன்று பிரித்தானியரின் ஆளுகையிலிருந்து விடுதலை பெற்றபோது அது கடும் வறட்சியின் பிடியில் இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1976-இல், தென்னாப்பிரிக்க ராண்டைக் கைவிட்டுத் தனக்கென நாணயம் வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் 'புலா'. செட்ஸ்வானா மொழியில் மழை என்று பொருள். நாட்டின் சின்னத்தில் பொறித்திருப்பதும் அச்சொல்லே. ஊர் மன்றமாகிய கோட்லாவில் தலைவர் பேசி முடித்ததும் கூட்டம் 'புலா!' என்று முழங்குகிறது. அங்கே அது வாழ்த்து, ஆசி, வேண்டுதல் மூன்றுமாகிறது.

மழை அங்கே அரசியலாகவும் இருந்தது. க்வேனா மக்களின் தலைவர் செச்செலே, மழை வருவிக்கும் வல்லமை உடையவர் எனப் பெயர் பெற்றவர். தலைமையின் கடமைகளில் அதுவும் ஒன்று. 1847-இல் டேவிட் லிவிங்ஸ்டன் கொலொபெங்கில் இவர்களிடையே சமயப் பணிக்காகக் குடியேறினார். 1848-இல் செச்செலே ஞானஸ்நானம் பெற்று மழைச் சடங்குகளைக் கைவிட்டார். அவ்வாண்டுகளில் மழை பொய்த்தது. வெள்ளைக்காரர் தம் தலைவரைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று மக்கள் நம்பினர். சில தூறல்களுக்காவது தலைவரை விட்டுக்கொடுக்குமாறு அவரிடமே மன்றாடினர். மழை மருத்துவர் ஒருவரோடு தாம் நிகழ்த்திய வாதத்தை லிவிங்ஸ்டன் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். மருந்து கொடுத்தும் உம்முடைய நோயாளிகள் சாகத்தானே செய்கிறார்கள், அதற்காக நீர் மருத்துவத்தை விட்டுவிட்டீரா என்பது அம்மனிதர் கேட்ட கேள்வியின் சாரம். எதிராளியின் வாதத்தை மழுக்காமல் எழுதிவைத்த நேர்மைக்காக அப்பகுதியை நாம் மதிக்கலாம்.

1849-இல் லிவிங்ஸ்டன் கொலொபெங்கிலிருந்து வடக்கே ங்காமி ஏரியைத் தேடிப் புறப்பட்டார். உடன் சென்றவர்களுள் வில்லியம் காட்டன் ஆஸ்வெல் நமக்குச் சற்று நெருங்கியவர். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்து, உடல்நலம் தேடித் தென்முனைக்குச் சென்றவர். வறண்ட காலத்தின் நடுவில் உப்புப் பாளம் ஒன்றை அவர்கள் எட்டினர். மாலை வெயிலில் அலையடித்த நீரைக் கண்டு ஆஸ்வெல் தொப்பியை வானில் எறிந்து ஆர்ப்பரித்தார். லிவிங்ஸ்டனும் ஏமாந்தார். அது கானல். ஏரி இன்னும் முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

அதே வட்டாரத்து மக்காடிகாடி உப்புப் பாளங்கள் பண்டைப் பெருஏரி ஒன்றின் எச்சம். மழைக்காலத்தில் அங்கே செல்பவர் கானலை அன்று, மெய்யான நீரையே காணலாம். முழங்காலளவும் இல்லாத மெல்லிய நீர்ப்பரப்பு. அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத் திரளும் பூநாரைகள். பாளங்களின் விளிம்பில் தாதுச்சத்து மிக்க இளம்புல். அப்புல்லைத் தேடி வரும் வரிக்குதிரைகள். வறண்ட மாதங்களை இவற்றுள் ஒரு பகுதி ஒக்கவாங்கோ வடிநிலத்தில் கழிக்கிறது. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை பல மாதம் ஊர்ந்து, உள்ளூரில் மழையே இல்லாத காலத்தில் அங்கு வெள்ளமாக வந்து சேர்கிறது. உள்ளூர் மழை தொடங்கியதும் மந்தைகள் தென்கிழக்கே நடக்கின்றன.

இந்த நடையின் குறுக்கேதான் 1968-இல் கம்பிவேலி எழுந்தது. காட்டெருமையிடமிருந்து கால்நடைக்குக் கோமாரி பரவாமல் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் பொய்யன்று. மாட்டுச் செல்வமே அந்நாட்டு மக்களின் வாழ்வு. 1975-இன் லோமே உடன்படிக்கைக்குப் பின் ஐரோப்பியச் சந்தைக்குச் சென்ற மாட்டிறைச்சி அந்த ஏழைநாட்டின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. ஆயினும் விலையைச் செலுத்தியவை வேறு உயிர்கள். 1980-களின் வறட்சியில் கலஹாரியின் வில்டபீஸ்ட் மந்தைகள் நீரைத் தேடிச் சென்று இத்தகைய வேலிகளில் முட்டிப் பல்லாயிரக் கணக்கில் மடிந்தன.

வரிக்குதிரைகளின் வழியை மறித்த வேலி 2004-இல் அகற்றப்பட்டது. ஒரு வரிக்குதிரை காட்டில் இருபது ஆண்டு வாழ்வதே அரிது. 36 ஆண்டுக்கு முன் அவ்வழி நடந்த ஒன்றுகூட அப்போது உயிருடன் இருந்திருக்க இயலாது. ஆனால் வேலி நீங்கிய நான்கே ஆண்டுகளில் அவை மீண்டும் நடந்தன. வடிநிலத்தின் தென்கிழக்கு விளிம்பில் கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தப்பட்ட 11 வரிக்குதிரைகளுள் ஆறு மக்காடிகாடிக்குப் போய்த் திரும்பின. போகவர 588 கிலோமீட்டர். 2011-இல் வெளியான இம்முடிவு ஆய்வாளர்களுக்கே எதிர்பாராதது. துணைக்கோள் காட்டிய மழையோடும் பசுமையோடும் அந்நடையை ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வு, மழை தொடங்கி இடையில் நின்றுபோன ஓராண்டில் மந்தைகள் பாதியில் திரும்பியதையும் காட்டியது. 2014-இல், சோபே ஆற்றிலிருந்து நக்சாய் பாளத்திற்குச் சென்று திரும்பும் 500 கிலோமீட்டர் நடையொன்றும் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் மழைக்கால நடையே.

வறண்ட மாதங்களில் நீர்நிலையருகே கூடிநிற்கும் விலங்குகளை மட்டும் கண்டு திரும்புபவர், அவை அங்கேயே வாழ்பவை, அந்த இடத்தைக் காத்தால் போதும் என்று எண்ணிவிட இடமுண்டு. அவ்வெண்ணம் கொண்டவர்க்கு நடுவழியில் ஒரு வேலி பெரிதாகத் தோன்றாது. நடக்கும் வழியும் வாழிடமே என்பதை மழைக்காலம்தான் கற்பிக்கிறது. கால்நடை நோய்த்தடுப்பு வேலிகள் பல இன்றும் அந்நாட்டில் உள்ளன. மாடு வளர்ப்பவரின் அச்சமும் உண்மையானது. எந்த வேலி இருக்கலாம், எது நீங்கவேண்டும் என்று முடிவு செய்வது அம்மக்களின் உரிமை. அம்முடிவு மழை மாதங்களையும் கணக்கில் கொண்டு எடுக்கப்படவேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது. மழையின் பெயரால் கொடுக்கல் வாங்கல் நடத்தும் ஒரு நாட்டிடம் இதை எதிர்பார்ப்பது மிகையாகாது.