அயர்ன்மேன் உலக வாகையாளர் போட்டி (கோனா)

அயர்ன்மேன் உலக வாகையாளர் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹவாய்த் தீவின் மேற்குக் கரையிலுள்ள கைலுவா-கோனா நகரில் நடத்தப்படும் நீண்டதூர நெடுமுப்போட்டி (டிரையத்லான்) ஆகும். நகரின் பெயரையொட்டி இது சுருக்கமாகக் "கோனா" என்றே வழங்கப்படுகிறது. 3.86 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டம், 42.2 கிலோமீட்டர் மராத்தான் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள் முடித்தல் வேண்டும். இதே தூரம் கொண்ட போட்டிகள் உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றிலிருந்து கோனாவை வேறுபடுத்துவது தூரம் அன்று. வெப்பமும் ஈரப்பதமும் காற்றும் ஆகும்.

வரலாறு

அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ், அவருடைய மனைவி ஜூடி காலின்ஸ் ஆகியோர் இப்போட்டியைத் தோற்றுவித்தனர். ஓவாகு தீவில் ஏற்கனவே தனித்தனியாக நடந்துவந்த வைக்கிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் மிதிவண்டி ஓட்டம், ஹொனலுலு மராத்தான் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைக்கலாம் என்பதே அவர்களது எண்ணம். முதற்போட்டி 1978 பெப்ரவரி 18 அன்று நடைபெற்றது. தொடங்கிய 15 பேரில் 12 பேர் முடித்தனர். கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடிகளில் முதலிடம் பெற்றார்.

அக்காலத்தில் நீரும் உணவும் வழங்க ஒவ்வொரு போட்டியாளரும் தமக்கெனத் துணைக்குழுவை அழைத்துவர வேண்டியிருந்தது. முதற்போட்டியில் இரண்டாமிடம் பெற்ற ஜான் டன்பாரின் குழுவினரிடம் மராத்தானின்போது நீர் தீர்ந்துவிட, அவர்கள் அவருக்கு பீர் கொடுத்தனர். வெப்பத்தில் நீர் வழங்கல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

1981 இல் வலேரி சில்க் பொறுப்பில் போட்டி ஹவாய்த் தீவுக்கு மாற்றப்பட்டது. 1982 இல் பெப்ரவரி, அக்டோபர் ஆகிய இரு மாதங்களிலும் நடத்தப்பட்டு, அதன்பின் அக்டோபர் மாதமே வழக்கமாயிற்று. குளிர்நாட்டினர் கோடையில் பயிற்சி பெற இம்மாற்றம் உதவியது. கோவிட்-19 பரவலால் 2020 இல் போட்டி நடைபெறவில்லை. 2021 ஆம் ஆண்டுக்குரிய போட்டி 2022 மே மாதத்தில் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரில் நடத்தப்பட்டது. 2023 முதல் 2025 வரை ஆண்கள் போட்டியும் பெண்கள் போட்டியும் கோனாவுக்கும் பிரான்சின் நீஸ் நகருக்கும் இடையே மாறி மாறிப் பிரிக்கப்பட்டன. 2026 முதல் இரண்டையும் மீண்டும் கோனாவிலேயே ஒரே நாளில் நடத்துவதென முடிவு செய்யப்பட்டது.

போட்டித் தடம்

நீச்சல்: கைலுவா விரிகுடாவில், நகரின் படகுத்துறை அருகே விடியற்பொழுதில் நீச்சல் தொடங்குகிறது. கடல்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ் ஆகும். எனவே உடலைச் சூடாக வைத்திருக்கும் ரப்பர் நீச்சலுடைகளுக்கு அனுமதி இல்லை. நீர் தெளிவாக இருப்பினும் திறந்த கடலின் அலையேற்றம் உண்டு. அலைகளுக்கிடையே உப்புநீரை விழுங்குவோருக்குக் குமட்டல் தோன்றி, அடுத்து மிதிவண்டியில் உண்ண இயலாமல் போவதுண்டு.

மிதிவண்டி ஓட்டம்: தடம் குயீன் கஹுமனு நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, ஹாவி என்னும் சிற்றூரில் திரும்பி அதே வழியில் மீள்கிறது. சாலையின் இருபுறமும் கறுத்த எரிமலைக் குழம்புப் பாறைவெளிகள் பரந்துள்ளன. மர நிழல் மிகக் குறைவு. பாறையும் தார்ச்சாலையும் வெயிலை உள்வாங்கி வெப்பத்தை மீண்டும் வெளியிடுகின்றன. தீவின் வடபகுதியில் மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்பகுதியூடாக வணிகக் காற்று வேகமெடுத்து இறங்குகிறது. உள்ளூரில் "முமுகு" எனப்படும் இக்காற்று, ஹாவிக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கவாட்டில் திடீரெனத் தாக்கும். இறக்கத்தில் வண்டியை நிலையாகப் பிடிக்க இரு கைகளும் தேவைப்படுவதால், நீர்க்குடுவையை எடுக்கும் வாய்ப்பும் அவ்விடத்தில் குறைகிறது.

ஓட்டம்: மராத்தானின் முதற்பகுதி கடலையொட்டிய அலீ சாலையில் அமைகிறது. கட்டடங்களும் தாவரங்களும் காற்றைத் தடுப்பதால் இங்குப் புழுக்கம் மிகுதி. பின்னர் பலானி சாலையின் செங்குத்தான ஏற்றம் வழியாக ஓட்டக்காரர்கள் நெடுஞ்சாலையை அடைகின்றனர். அங்கிருந்து ஹவாய் இயற்கை ஆற்றல் ஆய்வக வளாகத்துக்குக் கடலோரமாக இறங்கி, மீண்டும் ஏறி நகருக்குத் திரும்புகின்றனர். "எனர்ஜி லேப்" என அழைக்கப்படும் இப்பகுதி மராத்தானின் பிற்பாதியில் வருகிறது. நிழலற்ற, காற்று அடங்கிய இவ்விடத்தில் பலருடைய வேகம் நடையாகக் குறைந்துவிடுகிறது. முடிவெல்லை அலீ சாலையில் உள்ளது.

காலநிலை

போட்டி நாளன்று பகல் வெப்பநிலை பொதுவாக 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருக்கும். வெப்பமண்டல நாடுகளில் வாழ்வோருக்கு இவ்வெண் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பநிலை மட்டும் ஓடுபவரின் சுமையைக் காட்டாது. விளையாட்டு மருத்துவத்தில் பயன்படும் ஈரக்குமிழ்-கோளக வெப்பநிலைக் குறியீட்டில் ஈரக்குமிழ் அளவுக்கு 70 விழுக்காடும், கதிர்வீச்சைக் காட்டும் கோளக அளவுக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் மட்டுமே பங்கு உண்டு. அதாவது ஈரப்பதமே முதன்மையானது. கடலோரக் காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

வெப்பம் உடலில் ஏற்படுத்தும் விளைவுகள்

தசைகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானதே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். கோனாவில் பலர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கின்றனர்.

வெப்பத்தை வெளியேற்ற இதயம் தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்ப வேண்டியுள்ளது. தசைகளுக்கும் அதே இரத்தம் தேவை. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்துகொண்டே வரும். இதனால் வேகம் மாறாதிருந்தும் இதயத் துடிப்பு மணிக்கு மணி ஏறுகிறது. குளிர்ந்த இடத்தில் எளிதாக இருந்த வேகம் இங்குத் தாங்க இயலாததாகிறது. ஆகையால் பிற போட்டிகளில் அடைந்த நேரத்தை இலக்காகக் கொண்டு தொடங்குவது தவறு என்றும், உடலின் உழைப்பு நிலையைக் கவனித்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதே சரியென்றும் பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். மிதிவண்டியில் செய்யும் தவற்றின் விலை உடனே தெரிவதில்லை. மராத்தானின் பிற்பாதியிலேயே அது தெரியவரும்.

குடலுக்குச் செல்லும் இரத்தமும் குறைவதால் உணவு செரிப்பது கடினமாகிறது. உடலில் சேமிப்பிலுள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரி மட்டுமே. இத்தூரத்துக்கு அதனைப் போல் பல மடங்கு ஆற்றல் தேவை என்பதால், போட்டியாளர்கள் பொதுவாக மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்கின்றனர். வயிறு ஏற்க மறுக்கும்போது உணவை மேலும் திணிப்பது வாந்திக்கே வழிவகுக்கும். சிறிது நேரம் வேகத்தைக் குறைத்து, உடலைக் குளிர்வித்து, பின்னர் சிறு சிறு அளவாக உண்ணத் தொடங்குவதே பயனளிக்கும்.

நீரும் உப்பும்

தற்போது வழித்துணை நிலையங்களில் நீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், கோலா, பனிக்கட்டி, நனைத்த பஞ்சு முதலியன வழங்கப்படுகின்றன. ஓட்டத்தில் இந்நிலையங்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு மைலுக்கும் ஒன்றாக அமைந்துள்ளன. பனிக்கட்டியைத் தொப்பிக்குள்ளும் மேலாடைக்குள்ளும் இட்டுக்கொள்வது பரவலான வழக்கமாகும்.

நீரிழப்பைப் போலவே அளவுக்கு மீறி நீர் அருந்துவதும் ஆபத்தானது. வியர்ப்பதைவிட மிகுதியாகப் பல மணி நேரம் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். இந்நிலை இரத்தச் சோடியக் குறைவு எனப்படுகிறது. கடுமையானால் மூளை வீங்கி, வலிப்பும் இறப்பும் நேரலாம். மெதுவாக முடிப்பவர்களே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். அவர்கள் குறைவாக வியர்த்து, நீண்ட நேரம் குடித்துக்கொண்டிருப்பதே காரணம். உப்பு மாத்திரைகள் மட்டும் இதைத் தடுத்துவிடுவதில்லை. தாகத்தை அளவாகக் கொண்டு குடிப்பதும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துத் தமது வியர்வை அளவை அறிந்து வைப்பதும் தக்க வழிகளாகும். போட்டிக்குப் பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருப்பதாகக் கொள்ளலாம்.

ஆபத்துகளும் முதலுதவியும்

* வெப்பக் களைப்பு: தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியன தோன்றும், அறிவு தெளிவாக இருக்கும். நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்திக் குளிர்வித்தால் பெரும்பாலும் தேறிவிடுவர்.
* வெப்பத்தாக்கு: உடலின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடந்து, குழப்பம், தள்ளாட்டம், பொருந்தாப் பேச்சு, மயக்கம் ஆகியன ஏற்படும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். இது உயிராபத்தான நிலை. பனிக்கட்டி நீரில் உடலை உடனே அமிழ்த்துவதே சிறந்த மருத்துவம். முதலில் குளிர்வித்தல், அதன்பின் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் என்பது விதி. அரை மணி நேரத்துக்குள் வெப்பநிலையைத் தணித்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.
* இரத்தச் சோடியக் குறைவு: தலைவலி, வாந்தி, விரல்களின் வீக்கம், குழப்பம் ஆகியன அறிகுறிகள். இவை நீரிழப்பை ஒத்திருப்பதால் மேலும் நீர் கொடுக்கப்பட்டு நிலைமை மோசமடையக்கூடும். இரத்தச் சோதனைக்குப் பின் செறிவு மிகுந்த உப்புக்கரைசல் மருத்துவரால் ஏற்றப்படுகிறது.

குழப்பமடைந்தவர் தமது நிலையைத் தாமே உணர்வதில்லை. எனவே "நலமாக இருக்கிறேன்" என்ற மறுமொழியை மட்டும் நம்பாமல், உடன் ஓடுபவர்களும் தன்னார்வலர்களும் அவரை மருத்துவக் குழுவிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆயத்தம்

உடல் வெப்பத்துக்குப் பழகக்கூடியது. 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயின்றால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேகத்தில் இதயத் துடிப்பும் தணிகிறது. குளிர்நாட்டினர் கூடுதல் ஆடை அணிந்து உள்ளரங்கில் மிதிவண்டி ஓட்டியும், பயிற்சிக்குப் பின் வெந்நீரில் அமர்ந்தும் இப்பழக்கத்தைப் பெறுகின்றனர். வெப்பத்தை விட்டு விலகினால் சில வாரங்களில் இப்பலன் மறைந்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவற்றுக்குப் பின் வெப்பத்தாக்கின் வாய்ப்பு கூடுவதால், அந்நிலையில் போட்டியிடாதிருப்பதே நன்று.

வெப்பம் முடிவு செய்த போட்டிகள்

1982 பெப்ரவரியில் முன்னணியில் இருந்த ஜூலி மாஸ் முடிவெல்லைக்கு அருகே பலமுறை விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் தவழ்ந்தே எல்லையைத் தொட்டார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இக்காட்சியே போட்டியை உலகறியச் செய்தது.

1989 இல் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் நாள் முழுவதும் அருகருகே போட்டியிட்டனர். இறுதி ஏற்றத்தில் முந்திய ஆலன் 8:09:15 நேரத்தில், 58 நொடிகள் வேறுபாட்டில் வென்றார். கோனாவில் 8 முறை வென்ற பவுலா நியூபி-ஃபிரேசரும் இவ்வெப்பத்துக்கு விலக்கல்லர். 1995 இல் முன்னணியில் இருந்த அவர் முடிவெல்லைக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் சரிந்தார். கேரன் ஸ்மையர்ஸ் வென்றார். நியூபி-ஃபிரேசர் நெடுநேரம் கழித்து எழுந்து நடந்து நான்காமிடம் பெற்றார்.

2025 அக்டோபரில் நடந்த பெண்கள் போட்டியில் முன்னணியில் இருந்த லூசி சார்லஸ்-பார்க்லே ஓட்டத்தின்போது வெப்பத்தால் விலகினார். அவருக்குப் பின் முன்னிலை பெற்ற டெய்லர் நிப்பும் முடிவெல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பாக நின்றுவிட்டார். நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் வென்றார். சார்லஸ்-பார்க்லே 2023 இல் 8:24:31 நேரத்தில் பெண்களுக்கான தடச் சாதனையை நிறுவியவர். தடத்தை நன்கறிந்த ஒருவரையும் கோனாவின் வெப்பம் வீழ்த்தக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஆண்களுக்கான தடச் சாதனை 2024 இல் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே நிறுவிய 7:35:53 ஆகும்.

கால வரம்பும் இரவு ஓட்டமும்

அக்டோபரில் கோனாவில் மாலை 6 மணியளவில் சூரியன் மறைகிறது. பெரும்பாலோர் ஓட்டத்தின் ஒரு பகுதியை இருளிலேயே முடிக்கின்றனர். நெடுஞ்சாலையில் விளக்குகள் குறைவாதலால் ஒளிரும் பட்டைகள் வழங்கப்படுகின்றன. வெயில் தணிந்தாலும் ஈரப்பதம் குறைவதில்லை.

17 மணி நேர வரம்பு கண்டிப்பானது. 2015 இல் ஜப்பானின் ஹிரோமு இனாடா 5 நொடிகள் தாமதித்ததால் முடித்தவராக ஏற்கப்படவில்லை. அவர் 2018 இல் தமது 85 ஆவது வயதில் வரம்புக்குள் முடித்தார். 2025 இல் அமெரிக்காவின் நடாலி கிராபோ 80 ஆவது வயதில் இப்போட்டியை முடித்தார். வேகமாகச் சென்றவர்கள் நின்றுவிட்ட அதே நாளில், அதே தடத்தில், தமது அளவறிந்து சென்ற அவர் முடிவெல்லையை அடைந்தார்.

இவற்றையும் பார்க்க

* நெடுமுப்போட்டி
* மராத்தான்
* வெப்பத்தாக்கு
* ஹவாய்