ஊட்டியில் படித்த நாவலும் வேற்றுக்கிரகத்தில் கிடைத்த வீடும்

1834 ஜூனில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கிய மெக்காலே நேராகக் கல்கத்தா போகவில்லை. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடம்பு சரியில்லாமல் அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க மெக்காலே பல்லக்கில் பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரி ஏறினார். அந்த மழைக்காலம் அங்கேயே கழிந்தது.

அவர் கையோடு ஒரு நாவல் கொண்டு போயிருந்தார். சாமுவேல் ரிச்சர்ட்சன் 1748-ல் எழுதி முடித்த 'கிளாரிசா'. மலையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்காத குறையாகப் படித்தார்களாம். தலைமை நீதிபதிக்கு அழுகையில் படிக்கவே முடியலையாம். மெக்காலே சொல்லித் தாக்கரே எழுதி வைத்த செய்தி இது.

அவர்கள் எதற்காக அழுதார்கள்? பிடிக்காத பணக்காரனுக்குக் கட்டி வைக்கப் பார்க்கும் குடும்பத்திடமிருந்து ஓடும் ஒரு பெண்ணுக்காக. நாவலில் கணிசமான பகுதி கிளாரிசாவும் தோழி அன்னா ஹவ்வும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள்தான். நாம ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்காம சேர்ந்து இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும் என்கிற மாதிரி ஓர் இடத்தில் அன்னா எழுதுகிறாள். ஆனால் நாவல் நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். அங்கே அப்படி ஒரு வீடு கிடையாது. கிளாரிசா செத்துப் போகிறாள்.

அன்னாவின் அந்த ஆசை பிற்பாடு எங்கே போய் வீடு கட்டிக்கொண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பார்த்தவரை அது விஞ்ஞானப் புனைகதைக்குள் போனது.

முதலில் மெக்காலேயை முடித்துவிடுவோம். ஊட்டிக்கு வந்து போன மூன்றே வருடத்தில், 1837-ல், அவர் தலைமையிலான சட்டக் கமிஷன் தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. அதில் 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' பற்றி இரண்டு பிரிவுகள். மற்ற பிரிவுகளுக்கு நீளநீளமாக விளக்கம் எழுதியவர், இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒதுங்கிக்கொண்டார். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இது வேறு சொற்களில் 377-வது பிரிவு ஆனது. அந்தப் பிரிவு எழுதப்பட்ட விதத்தில் பெண்ணும் பெண்ணும் அதற்குள் சரியாக வரவே இல்லை. தண்டிப்பதற்காகக்கூட சட்டம் அவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் 1921-ல் பெண்களையும் சேர்த்துக் குற்றமாக்க ஒரு திருத்தம் வந்தபோது பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. கருணையால் இல்லை. சட்டம் போட்டால், இப்படி ஒன்று இருப்பதே தெரியாத பெண்களுக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம்!

இந்த மௌனத்துக்குள் வீட்டுக்கதை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்மத் சுக்தாய் சாட்சி. 1942-ல் அவர் உருதுவில் எழுதிய 'லிஹாஃப்' கதையில் ஒரு வீடு, ஒரு பேகம், அவளுடைய வேலைக்காரி, ஒரு போர்வை, அவ்வளவுதான். ஆபாச வழக்குப் போட்டு லாகூருக்கு இழுத்தார்கள். இதுதான் ஆபாசம் என்று ஒரு வார்த்தையைக்கூடக் காட்ட முடியாததால் வழக்கு நிற்கவில்லை. 1998-ல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்துக்குத் தியேட்டர்களை உடைத்தார்கள். அதுவும் டெல்லியில் ஒரு நடுத்தர வீட்டுக்குள் நடக்கிற கதை. நம்ம வீட்டுக்குள்ள இப்படியா என்பதுதான் கோபம்.

அப்போ வீட்டை விட்டு வெளியே போய்விட்டால்?

அந்த வழியை முதலில் காட்டிய கதைகளில் ஒன்று அச்சானது நம்ம சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில் 1905-ல் வந்த 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் வங்காளத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசேன். அதில் ஒரு பெண்நாடு. பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள், பறக்கும் வண்டியில் போகிறார்கள், சூரிய வெப்பத்தைத் திரட்டி எதிரிப்படையை ஓட ஓட விரட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில். மேற்கில் எல்லோரும் கொண்டாடும் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லாண்ட்' இதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் வந்தது.

இது காதல் கதை இல்லை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். சுல்தானாவும் அவளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் சாராவும் பட்டப்பகலில் தெருவில் கைகோத்து நடக்கிறார்கள். பர்தா பழக்கத்தில் சுல்தானாவின் விரல் நடுங்குகிறது. இங்கே பயப்பட ஒன்றும் இல்லை என்று சாரா தைரியம் சொல்கிறாள். இரண்டு பெண்கள் பயமில்லாமல் நடக்கக்கூடிய ஒரு தெரு வந்துவிட்டது. வீடு வர இன்னும் அறுபத்தேழு வருடம் ஆயிற்று.

1972-ல் அமெரிக்காவின் ஜோவன்னா ரஸ் எழுதிய ஒரு சிறுகதையில் 'வைல்அவே' என்ற கிரகம் வருகிறது. நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கொள்ளைநோயில் ஆண்கள் எல்லோரும் இறந்துபோன இடம். நாயகி ஜேனட் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைகளில் இறங்கியவள். அவளுக்கு மனைவி உண்டு, மகளும் உண்டு. ஒருநாள் பூமியிலிருந்து ஆண்கள் விண்கலத்தில் வந்து இறங்குகிறார்கள். மக்களெல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். எதிரே நிற்கும் பெண்கள் அவர்கள் கண்ணில் மக்களாகப் படவில்லை! நெபுலா விருது வாங்கிய கதை இது. 1975-ல் வெளியான அவருடைய 'தி ஃபீமேல் மேன்' நாவலிலும் இதே வைல்அவே வருகிறது.

1990களின் தொடக்கத்தில் வந்த நிக்கோலா கிரிஃபித்தின் 'அம்மோனைட்' முழுக்க முழுக்க சாகச நாவல். ஜீப் என்ற கிரகத்துக்குத் தனியாகப் போகும் மானிடவியலாளர் மார்கே பழங்குடிக் கூட்டம் ஒன்றிடம் சிக்கி, பனியில் தப்பி ஓடி, சாகக் கிடந்து பிழைக்கிறாள். பிழைத்த ஊரில் தெனிக்கே என்ற பெண்ணோடு காதல். அந்தக் காதல் சரியா தப்பா என்று கதையில் யாருமே கேட்பதில்லை. பனியில் உயிர் பிழைப்பதே பெரிய பாடு, இதையெல்லாம் யார் கேட்பது? இந்த வகை நாவல்களின் உண்மையான புதுமை இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கதையில் காதலே பிரச்சினையாக இருந்தது. இங்கே பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. காதல் கூடவே துணைக்கு வருகிறது.

இதுக்கு நடுவில் நம்ம பக்கத்துக் குரலும் ஒன்று உண்டு. மும்பையில் 1941-ல் பிறந்த சுநிதி நாம்ஜோஷி. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் படித்து, ஐ.ஏ.எஸ். ஆகி, அதை விட்டுவிட்டு கனடாவுக்குப் போய்ப் பேராசிரியர் ஆனவர். தான் லெஸ்பியன் என்பதை மறைக்காமல் எழுதியவர். 1989-ல் லண்டனில் வெளியான அவருடைய 'தி மதர்ஸ் ஆஃப் மாயா தீப்' நாவலில், ஜ்யான்வி என்ற கவிஞரும் ஒரு நீலக் கழுதையும் பெண்கள் ஆளும் தீவு ஒன்றுக்குப் போகிறார்கள்.

ஆஹா, சொர்க்கம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அங்கே தாய்மைதான் எல்லாம். அதிலும் கிரேடு கிரேடாகப் படிநிலை. ஆண்பிள்ளைக்கு மனித மதிப்பு கிடையாது. பெண்ணைக் காதலிக்கும், ஆனால் தாயாக விரும்பாத ஜ்யான்விக்கு அங்கேயும் இடைஞ்சல்தான். ஆண்கள் போய்விட்டால் அதிகாரமும் போய்விடும் என்பது கனவு என்று நாம்ஜோஷி சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். தப்பித்து ஓடும் கதையாக ஆரம்பித்தது, ஓடிப்போன இடத்தையும் கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அடுத்தது தமிழர் கை. கொழும்பில் 1971-ல் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா போன மேரி ஆன் மோகன்ராஜ், 2013-ல் 'தி ஸ்டார்ஸ் சேஞ்ச்' எழுதினார். தெற்காசியர்கள் குடியேறிய ஒரு பல்கலைக்கழகக் கிரகம். கிரகங்களுக்கிடையே போர் வெடிக்கும் இரவு. மனிதர், மரபணு மாற்றிய மனிதர், வேற்றுக்கிரகவாசிகள் என்று பலவகைக் காதலர்கள், அவர்களில் பெண்ணைக் காதலிக்கும் பெண்களும் உண்டு. இங்கே ஆண்களைக் கொள்ளைநோயில் சாகடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கோயிலும் குடும்பமும் சாதி மாதிரியான பிரிவும் இருக்கிற நம்ம ஊருக்குள்ளேயே, நட்சத்திரத்துக்கு நடுவில், அவர்களுக்கு இடம் இருக்கிறது.

நிஜத்துக்கு வருவோம். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ன் பல்லைப் பிடுங்கியது. ஆனால் வீட்டை விட்டுப் போகும் பெண்களைத் துரத்துவது பெரும்பாலும் 377 இல்லை. மகளைக் காணோம் என்று பெற்றோர் கொடுக்கும் புகார்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் அப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்குப் புரியாத விஷயம் என்று தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழக அரசு இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. குறைவாகப் பேசுவதே நல்லது என்ற மெக்காலேயின் தீர்மானத்துக்கு, 185 வருடம் கழித்து, தமிழில் ஒரு பதில்.

சொல் வந்துவிட்டது. இனிமேல் கதை வேணும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற இயந்திர நாய்க்காகக் கவலைப்பட்டவர்கள் நாம். தகரத்துக்கு உயிர் உண்டு என்று நம்பின வாசகனுக்கு, ஒரே விண்கலத்தில் சேர்ந்து போகும் இரண்டு பெண்களை நம்புவது அவ்வளவு கஷ்டமா என்ன?