அரசுச் செலவின் திறன்: ஒரு சட்டச்சொல்லின் வரலாறு

அரசுப் பொருள் திறம்படச் செலவிடப்பட்டதா என்பதை எந்த அளவுகோல் கொண்டு அறிவது? பிரித்தானிய நாட்டுத் தணிக்கைச் சட்டங்கள் இரண்டனை ஒப்புநோக்கி இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

கிளாட்ஸ்டன் நிதியமைச்சராயிருந்த 1866-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் தலைமைத் தணிக்கையாளர் பதவியைத் தோற்றுவித்தது. பாராளுமன்றம் எதற்கென ஒதுக்கிற்றோ அதற்கே பணம் செலவாயிற்றா என்பதே அவர் முதன்மையாகக் காணவேண்டியது. ஒதுக்கியவாறு கட்டப்பெற்ற பாலம் ஒருவர்க்கும் பயன்படாதொழியினும் கணக்கு வழுவற்றதேயாம். பின்னாளில் வீண்செலவை எடுத்துக்காட்டும் வழக்கம் வளர்ந்ததாயினும், அதற்கு வெளிப்படையான சட்ட அதிகாரம் நெடுங்காலம் இல்லை.

அக்குறையை 1983-ஆம் ஆண்டின் தேசியத் தணிக்கைச் சட்டம் நீக்கிற்று. அது மூன்று சொற்களை ஆள்கின்றது. அவற்றைச் சிக்கனம், செயல்திறன், பயன்விளைவு எனத் தமிழில் வழங்கலாம். குறைந்த செலவிற் பெறுதல் சிக்கனம். பெற்றதைக்கொண்டு மிகுதியாக ஆக்குதல் செயல்திறன். ஆக்கியது கருதிய பயனைத் தருதல் பயன்விளைவு. இவ்வேறுபாடு கோட்பாட்டாளர் வகுத்தது. சட்டமோ இச்சொற்களை வரையறுத்திலது. மேலும், கொள்கைநோக்கின் தகுதியைத் தணிக்கையாளர் வினவலாகாதென அதன் ஆறாம் பிரிவு விலக்குகின்றது.

எனவே, சட்டம் கூறும் திறன் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு வழியை மட்டும் அளப்பதாகும். தகாத நோக்கிற்குத் திறம்படச் செய்த செலவும் அவ்வளவையில் தேறிவிடும். அதனைத் தடுக்கும் கடமை பாராளுமன்றத்திற்கே உரியது. தணிக்கையாளர்க்கு அன்று என்பது இதனாற் பெறப்படும்.