இக்பால் அத்தாஸை நமது பிள்ளைகளுக்குத் தெரியுமா?



உயர்தர வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தோம். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர் எழுதியது ஆங்கிலத்தில், நாம் வாசித்தது தமிழில்.

யுத்த காலத்தில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் பாதுகாப்புப் பத்தியை எழுதியவர் இக்பால் அத்தாஸ். அரசாங்க அறிக்கை சொல்லாமல் விட்டதை ஞாயிறு காலையில் அதில் வாசிக்கலாம். 1994இல் நியூயோர்க்கிலுள்ள ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு தனது சர்வதேச ஊடக சுதந்திர விருதை அவருக்கு வழங்கியது.

பிறகு விமானப்படையின் கொள்வனவுகளில் நடந்த ஊழலைத் தோண்டத் தொடங்கினார். 1998 பெப்ரவரி 12 இரவு ஆயுததாரிகள் அவரது வீட்டுக்குள் புகுந்தார்கள். மனைவியும் சின்ன மகளும் பார்த்திருக்க, அவர் மீது துப்பாக்கியை நீட்டினார்கள். அந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. (நமது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.)

அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. வந்தவர்களை அடையாளம் காட்டினார், நீதிமன்றம் ஏறினார். 2002இல் விமானப்படை அதிகாரிகள் இருவருக்கு ஒன்பது வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு பத்திரிகையாளனைத் தாக்கியதற்காகப் படை அதிகாரிகள் தண்டிக்கப்படுவது இந்த நாட்டில் எவ்வளவு அபூர்வம் என்பதை நாம் அறிவோம். ஆனால் மேன்முறையீட்டில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

2007இல் மறுபடியும் விமானக் கதை. 2006இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டிருந்தன. 2000ஆம் ஆண்டு வாங்கியவற்றை விடப் பழையவை, விலையோ கூட. அதை அவர் எழுதியதும் வீட்டுக்கிருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. போர்ச் செய்திக்கு வந்த கோபத்தை விட, விலையைக் கேட்டதற்கு வந்த கோபமே பெரிது என்பது எங்கள் எண்ணம். துரோகி என்ற பட்டமும் மிச்சமில்லாமல் கிடைத்தது. அப்படியிருந்தும் எழுதிக்கொண்டிருந்தார்.

2025 ஜனவரியில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பழைய 'சண்டே டைம்ஸ்' பிரதிகள் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாடசாலைக்குத் தாருங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் எழுத வைக்கப் போகிறோம்.