மைலோ நிலம்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டின் நிலச் சட்டங்களில் வரும் 'மைலோ' என்னும் சொல் அத்தகையது. ஆப்பிரிக்க மொழியின் பழஞ்சொல்லாக இருக்கும் என்றே நாம் முதலில் எண்ணினோம். ஆராய்ந்து பார்த்தால், ஆங்கிலத்தின் 'மைல்'தான் லுகாண்டா மொழியில் இவ்வாறு உருமாறி நிற்கிறது! சதுர மைல் கணக்கில் நிலத்தைப் பங்கிட்டார்கள். அளவின் பெயரே நிலத்தின் பெயராகிவிட்டது.

பங்கீட்டுக்கு அடிகோலிய உடன்படிக்கை 1900ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி கையெழுத்தாயிற்று. உகாண்டா என்பது நாடு. புகாண்டா என்பது அந்நாட்டினுள், விக்டோரியா ஏரியின் வடகரையை ஒட்டியுள்ள தொன்மையான அரசு. அதன் மன்னருக்குக் கபாக்கா என்று பட்டம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சார்பில் சர் ஹாரி ஜான்ஸ்டன் வந்து பேசியபோது கபாக்காவாக இருந்த தாவுதி சுவாவுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவர் பெயரால் அரசாண்ட மூவரே பேச்சு நடத்தினர். அவர்களுள் முதல்வர் அப்போலோ கக்வா, வல்லமை மிக்க மந்திரி. உடன்படிக்கைக்குப் பொருள் கொள்வதில் ஆங்கிலப் பாடமே இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்று அதில் ஒரு விதி உண்டு. மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அந்த ஒரு வரி முள்ளாக உறுத்துகிறது.

புகாண்டாவின் பரப்பு 19,600 சதுர மைல் என்று வைத்துக்கொண்டார்கள். அது மதிப்பீடுதான், சங்கிலி பிடித்து அளந்த கணக்கு அன்று. கபாக்காவுக்கு 350 சதுர மைல். தலைவர்களும் தனியாருமாக ஆயிரம் பேருக்கு, ஆளுக்குச் சராசரி எட்டு வீதம், 8,000 சதுர மைல். தரிசும் காடுமாகக் கிடந்ததில் பெரும்பகுதி பிரிட்டிஷ் முடியரசுக்கு. இப்படிப் பட்டியல் நீள்கிறது. அதில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. மண்ணைக் கொத்தி வாழை வைத்த குடியானவரே அவர்.

அதற்கு முன்னர் அவருடைய நிலை என்ன? அவரிடம் பட்டா இருந்ததில்லை, மெய்தான். ஆனால் ஊர்த்தலைவரிடமும் பட்டா இருந்ததில்லை. தலைவர் ஆண்டது மக்களை, மண்ணை அன்று. தலைவர் கொடியவரானால் குடியானவர் தம் குடும்பத்தோடு வேறொரு தலைவரின் ஊருக்குப் போய்விடலாம். குடிகள் போய்விட்டால் தலைவருக்கு மதிப்பேது? ஆகவே அவரும் சற்று அடங்கியே நடக்க வேண்டியிருந்தது. இதுவன்றி, முன்னோரைப் புதைத்த இடங்கள் அந்தந்தக் குலத்தாருக்கு உரியவையாக மதிக்கப்பட்டு வந்தன. மைலோ வந்தபின் குலத்தின் புதைநிலம் பல இடங்களில் வேறொருவரின் பத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. குலத்தலைவர்கள் 1920களில் முறையிட்டார்கள், விசாரணையும் நடந்தது, மண் திரும்பவில்லை.

இதற்குள் பருத்தி வந்தது, பணம் புழங்கியது, நிலக்காரர்களின் கை நீண்டது. பிரிட்டிஷாரே அஞ்சும் அளவுக்கு அது போகவே, 1927இல் ஒரு சட்டம் பிறந்தது. நிலத்தில் குடியிருப்பதற்குக் கட்டும் 'புசூலு' ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் என்றும், விளைச்சலின்மேல் தரும் 'என்வுஜ்ஜோ' இவ்வளவுதான் என்றும் அச்சட்டம் வரையறுத்தது. நீதிமன்றத்தின் ஆணையின்றிக் குடியை எழுப்ப முடியாது. அவருக்குப் பின் அவர் வாரிசு அங்கேயே இருக்கலாம். இவற்றுக்குத் தமிழ் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேல்வாரம், குடிவாரம் என்ற நம் பழஞ்சொற்களே கைகொடுத்தன. 1793இல் வங்காளத்தில் ஜமீன்தார்களை நில உடைமையாளராக்கிய அரசாங்கம், சென்னை மாகாணத்து ஜமீன்களில் குடிகளுக்கு நிலையான உரிமை அளிக்கும் சட்டத்தை 1908இல்தான் கொண்டுவந்தது. புகாண்டாவில் அந்த இடைவெளி இருபத்தேழே ஆண்டுகள். அந்தமட்டில் அந்நாட்டார் பாக்கியசாலிகள் எனலாம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். பக்கத்து அரசான புன்யோரோவைப் பிரிட்டிஷார் வென்றபோது துணைநின்ற புகாண்டாவுக்கு, புன்யோரோவின் சில கோட்டங்கள் பரிசாகக் கிடைத்தன. அங்கும் மைலோ பத்திரங்கள் புகாண்டாத் தலைவர்களின் பெயரில் எழுதப்பட்டன. உகாண்டா 1962இல் விடுதலை பெற்றது; 1964இல் வாக்கெடுப்பு நடத்திப் புயாகா, புகங்கைசி என்ற இரு கோட்டங்கள் புன்யோரோவுக்குத் திரும்பின. கோட்டம் திரும்பியதே தவிரப் பத்திரங்கள் திரும்பவில்லை. எல்லைக்கோட்டை ஒரு நாள் வாக்கு நகர்த்திவிடும். பத்திரத்தை நகர்த்துவது எளிதன்று.

அடுத்து வந்தவர், 1972இல் இந்தியரைத் தொண்ணூறு நாளில் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்ன ஈதி அமீன். நிலம் முழுவதும் அரசுடையது, மைலோவெல்லாம் இனிக் குத்தகையே என்று 1975இல் ஆணையிட்டார். அவ்வாணை 1927ஆம் ஆண்டின் பாதுகாப்பையும் ரத்து செய்தது. ஆணை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது என்பதுதான் ஆறுதல். 1995இல் வந்த அரசியலமைப்பு, நிலம் உகாண்டாவின் குடிமக்களுக்கே உரியது என்று அறிவித்து, மைலோவுக்கும் மீண்டும் உயிர் கொடுத்தது. 1998ஆம் ஆண்டின் நிலச் சட்டமோ, அந்த அரசியலமைப்புக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் தடையின்றி இருந்துவந்த குடிகளை அசைக்கலாகாது என்றது. ஆண்டு வாடகை, நிலம் எத்தனை ஏக்கராயினும், ஆயிரம் உகாண்டா ஷில்லிங்குக்கு மேற்படக்கூடாது என்றும் அன்று விதித்தது. அந்நாட்டு நாணய மதிப்பில் அது ஒரு தொகையே அன்று.

ஆக, ஒரே வயலுக்கு இன்று இருவர். ஒருவரிடம் பத்திரம் இருக்கிறது, வயல் இல்லை. மற்றவரிடம் வயல் இருக்கிறது, பத்திரம் இல்லை. விற்பதானால் ஒருவர் மற்றவரை முதலில் கேட்க வேண்டும். வங்கியில் கடன் வாங்க உழுபவரிடம் ஈடு கிடையாது. வீடு கட்ட உடையவருக்கு இடம் கிடையாது. ஊரில் ஒரு காணியை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர் பலருக்கு, பத்திரம் வைத்திருப்பவரின் கவலை விளங்கும். அக்காணியில் காலை முதல் நிற்பவரின் கவலையை நினைப்பது நமக்குச் சற்றுக் கடினந்தான்.

வாடகை செலுத்தாத குற்றத்துக்காக அன்றி வேறு எதற்காகவும் குடியை எழுப்பலாகாது என்று 2010இல் சட்டத்தை இறுக்கினார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. குடியானவர் வாடகைப் பணத்தை எடுத்துக்கொண்டு நிலக்காரர் வீட்டுக்குப் போகிறார்; நிலக்காரர் வாங்க மறுக்கிறார்.