மக்காச்சோளத் தண்ணீர்: இரண்டு சோதனைகளின் கதை

"சுத்தம் பண்ணின தண்ணிதானே தம்பி, அதுக்கு எதுக்கு இன்னொரு டெஸ்ட்டு?" அவனியாபுரம் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனால் அது மதுரையிலிருந்து ரொம்ப தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1912-இல் பிரிட்டனின் சாக்கடைக் கழிவு பற்றிய ராயல் கமிஷன் ஓர் அளவுகோல் வைத்தது. தண்ணீரை ஐந்து நாள் அடைத்து வைத்தால் அதிலுள்ள கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன? லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆற்றில் விடலாம். மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். அவர்கள் கவலை எல்லாம் ஆறு நாறக்கூடாது, மீன் சாகக்கூடாது என்பதுதான். இரண்டே வருடத்தில் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டார்கள். (அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிறகு பெங்களூரு அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதணும்.) அவனியாபுரத்தில் நாளைக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்தில் 4.57 கோடி லிட்டர் என்று கட்டப்பட்ட மதுரையின் இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களையும் அந்த ஆக்சிஜன் கணக்கை வைத்துத்தான் நாம் மதிப்பிடுகிறோம்.

அதற்கு முன்பு வெள்ளைக்கல் பக்கம் கழிவுநீர்ப் பண்ணைதான். ஊர்ச் சாக்கடையில் மாட்டுக்குப் புல் வளர்ந்தது. பயிர் செழித்தது, ஆனால் இந்தியக் கழிவுநீர்ப் பண்ணைத் தொழிலாளர்களை ஆராய்ந்த 1973-ஆம் ஆண்டு ஆய்வில் சுமார் 70 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழு. பண்ணையில் வேலை பார்க்காத மற்றவர்களிடம் அது 33 சதவீதம். ஆகவே சுத்திகரிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனா பாருங்க, காற்றை ஊதினால் அழுக்கு போகும், உப்பு போகாது. உப்புக்கென்று வேறொரு பரம்பரையில் வந்த சோதனை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் ஊரில் உள்ள உவர் ஆய்வகம் 1954-இல் ஒரு கையேடு வெளியிட்டது. வறண்ட நிலத்தில் பாசனம் செய்து, நிலம் உவர் பூத்து, சூடு கண்டவர்களின் கணக்கு அது. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது (லேபில் 'ஈ.சி.' என்பார்கள்), கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு? நம்ம ஊர் வேளாண்மைத் துறை லேபில் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் பார்ப்பதும் இதைத்தான்.

இங்கேதான் மக்காச்சோளம் வருகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் பசிக்காக, சோளமும் பருத்தியும் விளைந்த நம் கரிசல் நிலங்களில் பரவிய பயிர். பேரில் சோளம் இருப்பதால் குணமும் அதேதான் என்று நினைத்துவிடுகிறோம். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். பாசன நீரின் ஈ.சி. 4.5 வரை சோளம் மகசூல் குறையாமல் தாங்கும், பருத்தி 5.1 வரை. மக்காச்சோளம்? 1.1. அதே தண்ணீர் 2.5-ஐ எட்டினால் கால்வாசி விளைச்சல் போச்சு. தாத்தா காலத்தில் பருத்திக்குப் பாய்ச்சிய கிணறு பேரன் காலத்தில் 'ராசியில்லாத கிணறு' ஆவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நகரத்தின் கழிவுநீரில் உப்பு எப்படி என்றால், வைகைத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் துவைக்க, குளிக்க வீட்டுக்கு வீடு போர் தண்ணீர், மேலே சோப்புத்தூள். அயன்பாப்பாக்குடிக் கண்மாயில் நுரை பொங்கியபோது எல்லார் கண்ணிலும் பட்டது. உப்பு அப்படிப் பொங்கிக் காட்டாது.

பெரியவர் ஜிப்சம் போடலாமே என்றார். சோடியம் மிஞ்சிய தண்ணீருக்கு ஜிப்சம் சரி. மண் இறுகாமல் காக்கும். ஆனால் அதுவே ஓர் உப்பு, ஈ.சி.யைக் குறைக்காது. உப்புத் தண்ணீருக்கு மழைத்தண்ணீர், கண்மாய்த் தண்ணீர் கலந்து விடுவதுதான் வழி. மக்காச்சோளம் முளைத்து வரும் இளம் பருவத்தில்தான் அதிகம் நொடியும். கதிர் பிடித்த பின் கொஞ்சம் தாங்கும். அதனால் நல்ல தண்ணீர் கொஞ்சமே இருந்தால் அதை முதல் மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாய்க்கால் தண்ணீரில் ஒரு பாட்டில், கிணற்றில் ஒரு பாட்டில், தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.